பெடல் இறங்கினால் உடனே ஏர் எடுக்க ஓடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்து மோதியது" என்ற வரி விபத்துச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. செய்தியும் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சிறிய லாரி, பிக்கப், வேன் போன்ற வண்டிகளில் பிரேக் ஒரே நொடியில் போவது அபூர்வம். பைப் வெடித்தால் அப்படி நடக்கலாம். மற்றபடி பெடல் பல நாள் முன்பே சொல்லத் தொடங்கிவிடும்: மெத்தென்று அமுங்கும், கொஞ்சம் தாழ்வாகப் பிடிக்கும், சிக்னலில் மிதித்து நிற்கும்போது காலோடு சேர்ந்து மெல்லக் கீழே போகும். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்து "ஏர் இருக்கும், ஏர் எடு" (பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்று) என்று சொல்லிவிடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. அடுத்த தவறு, எதையும் சோதிக்காமல், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புதிது போடுவது. பெடல் எந்த விதமாக இறங்குகிறது என்று பார்த்தே பழுது எங்கே என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். அதை ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 25.4 மி.மீ., பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கால் 50 மி.மீ. இறங்கினால் உள்ளே பிஸ்டன் 10 மி.மீ. நகரும். அப்போது வெளியே தள்ளப்படும் பிரேக் ஆயில் வெறும் 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி. மொத்த பிரேக்கும் அந்த ஒரு தேக்கரண்டிக்குள்தான் நடக்கிறது. லைனில் 1 மி.லி. காற்று இருந்தால் பலமாக மிதிக்கும்போது அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அதனால் பெடலில் 10 மி.மீ. வீணாகும். ஆனால் அதற்கு மேல் அந்தக் காற்றால் எதையும் விழுங்க முடியாது. பெடல் ஸ்பிரிங் போல அமுங்கி, ஓரிடத்தில் நின்றுவிடும். கசிவு அப்படி நிற்காது. கால் அழுத்திக்கொண்டிருக்கும் வரை சொட்டுச் சொட்டாக எங்கோ ஆயில் போய்க்கொண்டே இருக்கும், பெடலும் இறங்கிக்கொண்டே இருக்கும். அமுங்கி நிற்கும் பெடலில் காற்றைத் தேட வேண்டும். நிற்காமல் இறங்கும் பெடலில் கசிவைத் தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கசிவு வெளியேயும் இருக்கலாம், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயும் இருக்கலாம். உள்ளே இருந்தால் தரையில் ஒரு சொட்டும் விழாது, பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் மட்டமும் குறையாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

சோதனை தொடங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கால் அழுத்தத்துக்கு வேக்குவத்தால் உதவும் பூஸ்டரில் தேங்கியிருக்கும் வேக்குவம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். இப்போது காலை எடுக்காமல் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு, இதைத்தான் பலர் செய்வதில்லை, காலைத் தளர்த்தி மிக லேசாக இன்னொரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பலமாக அழுத்தும்போது நிற்கும் பெடல் லேசாக அழுத்தும்போது மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது வலுவான அடையாளம். கப்பின் உதடு ஆயில் அழுத்தத்தால் விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டும் வகையில் செய்யப்பட்டது. அழுத்தம் அதிகமானால் தேய்ந்த உதடுகூட விரிந்து அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைவாக இருந்தால் அது தொளதொளவென்று நின்று ஆயிலை வழியவிடும். "வேகமாக மிதித்தால் நன்றாகப் பிடிக்கிறது, சிக்னலில் நிற்கும்போதுதான் இறங்குகிறது" என்று ஓட்டுநர் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர் பழுதைச் சரியாகவே சொல்கிறார்.

அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் ஒரு விரல்கடை அளவு இறங்கி நிற்க வேண்டும். பூஸ்டர் உதவிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அது பழுது அல்ல. இதைப் பார்த்துப் பயந்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. இறங்கவே இல்லை, பெடல் கல் போல இருக்கிறது என்றால் பூஸ்டரையோ வேக்குவம் ஹோஸையோ பார்க்க வேண்டும்; டீசல் வண்டியானால் வேக்குவம் பம்பையும். அது வேறு பழுது. பூஸ்டர் கெட்டால் பெடல் கடினமாகுமே தவிர மெத்தென்று ஆகாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் பெடல் இறங்குகிறது என்று சொல்பவர்களும் பூஸ்டரைச் சந்தேகிக்கிறார்கள். பூஸ்டர் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டுவதால், எஞ்சின் நின்றிருந்தபோது தெரியாத சிறு கசிவு அப்போது வெளிப்படுகிறது. குறை ஆயில் பக்கம்தான்.

அடுத்து டப்பா. ஆயில் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேயத் தேய மட்டம் மெல்லக் குறைவது இயல்பு, ஏனென்றால் பேட்டைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வந்த இடத்தில் ஆயில் போய் நிரம்புகிறது. ஆனால் சில நாளில் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் எங்கோ வெளியே போகிறது. டப்பா இரண்டு தனி அறைகளாக இருந்தால் எந்த அறையில் குறைகிறது என்று பாருங்கள். எந்த சர்க்யூட்டில், அதாவது எந்தச் சக்கரங்களுக்குப் போகும் ஆயில் லைனில் கசிவு என்று தெரிந்துவிடும். ஒரு அறையில் குறைந்து அடுத்த அறையில் ஏறினால், இரண்டு சர்க்யூட்டையும் பிரிக்கும் சீல் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே போய்விட்டது.

வெளிக் கசிவைத் தேடுவது பொறுமையான வேலை. ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் டார்ச்சோடு கீழே போக வேண்டும். நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் பாருங்கள். டயரின் உள்சுவரில் ஈரக்கோடு இருந்தால் அந்தச் சக்கரம்தான். டிரம் பிரேக்கில் பேக் பிளேட்டின் அடியில் ஈரம் இருந்தால் டிரம்மைக் கழற்றி, டிரம்மை அழுத்தும் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஈரப்பசை இருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. டிரம்முக்குள் ஈரம் என்றாலே பிரேக் ஆயில் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பின்பக்க ஆக்சில் சீல் போனாலும் டிரம் நனையும். ஆக்சில் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும், தண்ணீரில் கரையாது. பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், தண்ணீரில் கரையும், பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்துவிடும். இரண்டில் எது பட்டிருந்தாலும் அந்த லைனிங் உபயோகத்துக்கு ஆகாது. பெட்ரோலில் கழுவுவதோ தீயில் காட்டுவதோ பலன் தராது. சூடாகும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

இரும்புப் பைப்புகளில் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் மூன்று: பின் ஆக்சிலின் மேலே ஓடும் பகுதி, சேசிஸில் கிளிப் பிடித்திருக்கும் இடங்கள், மண்ணும் ஈரமும் தங்கும் மூலைகள். கிளிப்புக்கு அடியில்தான் துரு உள்ளே அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பைப் நன்றாகவே தெரியும். துருப்பிடித்த பைப்பை நடுவில் வெட்டி, ஃபெரூல் என்ற வளையம் போட்டு அமுக்கும் ஜாயின்ட் வைத்து ஒட்டுப்போடுவது கூடவே கூடாது. பலமாக மிதிக்கும்போது பிரேக் லைனில் 70 பாருக்கு மேல் அழுத்தம் வரும். அந்த ஜாயின்ட் தாங்காது. சாதாரணச் செம்புப் பைப்பும் கூடாது, அதிர்வில் கடினமாகி விரிசல் விடும். சரியான உலோகத்தில், முனை இரட்டையாக மடித்த பைப்தான் போட வேண்டும்.

எங்கும் ஈரம் இல்லை, ஆனால் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே போகிறது என்றால் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும். மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, பைப் மடங்காத அளவுக்குச் சிறிது முன்னே இழுத்து விரலை விட்டுப் பாருங்கள். பின்முகம் நனைந்திருந்தால் பழுது கிடைத்துவிட்டது. வேக்குவம் ஹோஸுக்குள்ளும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பூஸ்டரில் தேங்கிய ஆயிலை அந்த வழியே இழுத்துக்கொள்ளும் வண்டிகள் உண்டு. பிரேக் ஆயில் பூஸ்டரின் டயாஃபிரத்தைக் கெடுத்துவிடும். அதனால் மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பூஸ்டரை மறந்துவிடக் கூடாது.

வெளியே கசிவு இல்லை, மட்டமும் குறையவில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது. இங்கேதான் பெரும்பாலோர் ஊகத்தில் இறங்குகிறார்கள். டப்பா மூடியைத் திறந்து, உதவியாள் பெடலை மெல்ல மிதிக்கும்போது உள்ளே பார்ப்பது ஒரு பழைய வழி. தொடக்கத்தில் சின்னதாக ஒரு குமிழோ பீச்சலோ வந்தால் அது இயல்பு. டப்பாவுக்குப் போகும் சிறு துளையைப் பிஸ்டன் கடப்பதற்கு முன் கொஞ்சம் ஆயில் திரும்பி வரும். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதும் ஆயில் தொடர்ந்து சுழன்று வந்தால் கப் வழியே வழிகிறது. சில வகை மாஸ்டர்களில் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் எதுவும் தெரியவில்லை என்பதற்காக மாஸ்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

உறுதியாகத் தெரிய ஒரே வழி மாஸ்டரை அடைத்துச் சோதிப்பதுதான். மாஸ்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அந்த வாய்களில் பிளக் போட்டு இறுக்குங்கள். பிளக்கின் மரை மாஸ்டரின் மரையோடு சரியாகப் பொருந்த வேண்டும். பல வண்டிகளில் 10 மி.மீ. அல்லது 12 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் இருக்கும். முனையும் உள்ளே இருக்கும் அமர்விடத்தின் வடிவத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த போல்ட்டைத் திணித்தால் அடைக்காது, அமர்விடமும் கெடும், நல்ல மாஸ்டரும் வீணாகும். பிளக் போட்ட பிறகு பெடலை மெல்ல மிதித்து, பிளக்கைக் கால் சுற்று தளர்த்தி, காற்று வந்ததும் பெடலை விடுவதற்கு முன் இறுக்கி, குமிழ் நிற்கும்வரை செய்யுங்கள். இப்போது பெடல் மேலேயே, கல் போல நிற்க வேண்டும். பலமாக ஒரு நிமிடம், லேசாக ஒரு நிமிடம் பிடியுங்கள். நின்றால் மாஸ்டர் நன்றாக இருக்கிறது. அதை வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். இறங்கினால் மாஸ்டர்தான். சந்தேகத்துக்கு இடமில்லை. அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் மாஸ்டரை மாற்றி, பெடல் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு மாஸ்டரை மாற்றுகிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

மாஸ்டர் தேறிவிட்டால் ஒவ்வொரு சர்க்யூட்டாகத் திரும்ப இணைத்துப் பாருங்கள். எதை இணைத்ததும் பெடல் மெத்தென்று ஆகிறதோ அங்கே தேட வேண்டும். பைப்பைக் கழற்ற மனமில்லாவிட்டால் ரப்பர் ஹோஸ்களைக் கவ்விப் பிடிக்கலாம். பல வண்டிகளில் முன்னே இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று என மூன்று ஹோஸ்கள்தான் இருக்கும். மூன்றையும் கவ்வினால் பெடல் கெட்டியாக வேண்டும். ஒவ்வொன்றாக விடும்போது எது பெடலை இறக்குகிறது என்று பாருங்கள். இதற்கென்று உருண்டையான தாடை கொண்ட கிளாம்ப் இருக்கிறது. வெறும் இடுக்கியால் கடித்தால் ஹோஸின் உள்தோல் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. கம்பி பின்னிய ஹோஸையும் விரிசல் விட்ட பழைய ஹோஸையும் கவ்வவே கூடாது. ஹோஸைச் சோதிக்கும்போதே உதவியாளை மிதிக்கச் சொல்லி அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். எங்காவது உப்பினால் அதை மாற்ற வேண்டும்.

பெடல் தாழ்வாகப் பிடிக்கிறது, ஆனால் இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மேலே வந்துவிடுகிறது என்றால் டிரம் பிரேக்கைப் பாருங்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினால் அதை நிரப்ப ஆயில் அதிகம் வேண்டும். வீல் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. என்றால், இரு பக்கமும் ஒரு மி.மீ. இடைவெளி கூடியதற்கு ஒரு சக்கரத்துக்கு சுமார் முக்கால் மி.லி. ஆயில் கூடுதலாகப் போகும். பின்னே இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தால் பெடலில் 15 மி.மீ. தொலைந்துவிடும். நான்கு சக்கரமும் டிரம் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. காற்று இருந்தாலும் மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வரும். ஆனால் மேலே வந்த பிறகும் ஸ்பிரிங் போல இருக்கும். இடைவெளிதான் காரணம் என்றால் மேலே வந்ததும் கெட்டியாக நிற்கும். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பி டிரம் சுழலாதபடி பூட்டிவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து கெட்டியானால் அட்ஜஸ்ட்மென்ட் ஒன்றுதான் குறை. அப்படியே இருந்தால் ஆயில் பக்கம் குறை. பிறகு டிரம் லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள், இரு பக்கமும் ஒரே அளவாக. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தால் இந்தக் குறை மாதா மாதம் திரும்பி வரும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் சிறிதளவு தடவி மாட்ட வேண்டும்.

டிஸ்க் பிரேக்கிலும் முதல் மிதியில் மட்டும் பெடல் தாழ்ந்து, அடுத்த மிதியில் சரியாவது உண்டு. ஹப் பேரிங் ஆட்டம் கொடுத்தாலோ டிஸ்க் கோணலாகச் சுழன்றாலோ அது பேட்டுகளைப் பின்னே தள்ளிவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும்.

காற்றுதான் காரணம் என்று முடிவானால் ஏர் எடுக்கலாம். அதிலும் லாரிக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு பல சிறிய லாரிகளில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே இருக்கிறது. வண்டியைச் சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின்பக்க ஆயிலைக் கட்டுப்படுத்தும். எவ்வளவு மிதித்தாலும் பின் சக்கரத்தில் ஆயில் சரியாக வராது, காற்றும் முழுதாக வெளியேறாது. சக்கரங்கள் தரையில் இருக்கும்போது, அல்லது ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துத்தான் ஏர் எடுக்க வேண்டும். அந்த வால்விலேயே ஒரு நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) இருந்தால் அதையும் திறந்து எடுக்க மறக்கக் கூடாது. வரிசையை வண்டியின் கையேடு சொல்கிறபடி பின்பற்றுங்கள். பெரும்பாலும் மாஸ்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரம் முதலில் வரும்.

கேலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும். நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பெடல் தேறாது. கேலிப்பர் மாற்றிய பிறகு வந்த குறை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது. வேக்குவத்தால் இழுத்து ஏர் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்று உள்ளே வரும், குமிழ் முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பது போலத் தெரியும். ஆள் மிதித்துத் தள்ளும் முறைக்கு மாறிப் பாருங்கள். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் முனை பாட்டிலில் உள்ள ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். நிப்பிளை அரைச் சுற்று திறந்து, பெடல் மெல்ல இறங்கி நின்றதும் மூடி, பிறகு காலை எடுக்கச் சொல்லுங்கள். இடையில் டப்பா காலியானால் எல்லாம் முதலிலிருந்து.

ஆள் மிதிக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது கட்டாயம். இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டரின் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியில்தான் போய்வரும். மீதிப் பகுதியில் வருடக்கணக்கில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை தள்ளினால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். வரும்போது மெத்தென்று இருந்த பெடல், ஏர் எடுத்த மறுநாள் இறங்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம். வேலையே பழுதை உண்டாக்கிவிட்டது.

புதிய மாஸ்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, அதாவது உடலைக் கடிக்காமல் விளிம்புத் தகட்டைப் பிடித்து, மட்டமாக வைத்து, வாய்களிலிருந்து சிறு குழாய்களை டப்பாவுக்குள் திருப்பிவிட்டு, பிஸ்டனைக் குறுகிய அடியாக மெல்ல அழுத்தி விடுங்கள். குமிழ் முழுதும் நின்ற பிறகே மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் மாஸ்டருக்குள் மாட்டிய காற்று சக்கரம் வரை வந்து வெளியேறப் படாதபாடு படுத்தும். பூஸ்டரின் தள்ளுகோலின் நீளத்தையும் பாருங்கள். மாஸ்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி கூடினால் பெடலில் ஐந்து மி.மீ. வீணாகும். நீளம் அதிகமானால் நிலைமை இன்னும் மோசம். பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் சிறு துளையை மூடிக்கொள்ளும், சூட்டில் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓட ஓடப் பெடல் உயர்ந்து கடினமாகிச் சக்கரம் சூடேறினால், மாஸ்டரின் நட்டுகளை இரண்டு சுற்று தளர்த்திப் பாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் கோல் நீளம்தான் காரணம்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் மாஸ்டர் தேறி, ஹோஸ்களும் தேறி, பெடல் மட்டும் தேறவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஏபிஎஸ் யூனிட் மிச்சம். அதன் வால்வுகளுக்குள் காற்று தங்கினால் சாதாரணமாக மிதித்து வெளியேற்ற முடியாது. ஸ்கேனரால் வால்வுகளை இயக்கிக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். அழுக்குத் துகள் மாட்டி ஒரு வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் ஆயில் உள்ளே இருக்கும் சிறு சேமிப்பறைக்கு வழிந்து பெடல் இறங்கும். யூனிட்டின் வெளிவாய்களை அடைத்து முன்பு சொன்ன அதே சோதனையைச் செய்யலாம். முதலில் ஸ்கேனர் வேலையை முடித்துவிட்டு அப்புறம் யூனிட்டைக் குறை சொல்லுங்கள்.

ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் நன்றாக இருந்த பெடல், சுமையோடு நீண்ட இறக்கத்தில் தரை வரை போய், வண்டி ஆறியதும் பழையபடி ஆனால் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 தான். டாட் 4 புதிதில் 230, ஈரத்தில் 155. ஈரம் ஏறிய ஆயில் வீல் சிலிண்டருக்குள் ஆவியாகிவிட்டால் அது காற்றைப் போலவே சுருங்கும். ஆறியதும் சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு போவது ஆபத்து. அடுத்த இறக்கத்தில் அதுவே நடக்கும். ஆயில் முழுதும் மாற்ற வேண்டும். திறந்து மாதக்கணக்காக இருக்கும் ஆயில் டின்னிலிருந்து ஊற்றக் கூடாது. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது, டாட் 5.1 அதுவல்ல, அது டாட் 4 வகையைச் சேர்ந்தது.

அதைவிடக் கெடுதல், தவறுதலாக எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ பிரேக் டப்பாவில் ஊற்றிவிடுவது. ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். டப்பா மூடியின் ரப்பர் வழக்கத்தைவிடப் பெரிதாகி உட்காராமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆயிலில் சில சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்றது மிதக்கும். மிதந்தால் லைனைக் கழுவினால் மட்டும் போதாது. மாஸ்டர், வீல் சிலிண்டர், கேலிப்பர் சீல், ஹோஸ் என ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் பாகங்களைப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவக் கூடாது என்பதும் இதனால்தான்.

பெரிய லாரிகளில் உள்ள முழு ஏர் பிரேக்குக்கு இவை பொருந்தாது. அங்கே பெடல் ஒரு காற்று வால்வு, அது இறங்காது. குறை இருந்தால் அழுத்த மீட்டரிலும் பிரேக் சேம்பரின் கோல் நீளும் தூரத்திலும் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு வண்டியை உடனே சாலைக்கு எடுக்காதீர்கள். எஞ்சினை இயக்கி, பெடலை லேசாக ஒரு நிமிடம், பலமாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் ஒருமுறை மிதிக்கச் சொல்லி ஈரம் வருகிறதா என்று பாருங்கள். காலி மைதானத்தில் நடை வேகத்தில் ஒருமுறை, பிறகு கொஞ்சம் வேகமாக ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு டப்பாவில் போட்ட கோட்டையும் டயர்களின் உள்சுவரையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் பட்டறைக்குப் போகும்போது "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டாம். குளிர்ந்திருக்கும்போதா சூடாக இருக்கும்போதா, லேசாக மிதித்தாலா பலமாக மிதித்தாலா, அமுங்கி நிற்கிறதா நிற்காமல் இறங்குகிறதா, மிதிக்க மிதிக்க மேலே வருகிறதா, டப்பாவில் ஆயில் குறைகிறதா என்று சொல்லுங்கள். பெடல் நிற்காமல் இறங்குகிறது என்றால் அந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுகூடப் போக வேண்டாம். வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பிரேக் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்